தராசு மேசை

எங்கள் கல்லூரியை இருபாலர் கல்லூரி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கள்ளக்குறிச்சியில் வேதியியல் படித்த மூன்று வருடமும் வகுப்பில் இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் பையன்கள். பேனா அவர்கள் பக்கம் உருண்டு போனால் போனதுதான், போய்க் கேட்க மாட்டோம்.

வகுப்பு எப்படியோ போகட்டும், ஆய்வகம்தான் என் உயிரை வாங்கியது. இருந்த ஒரே எலக்ட்ரானிக் தராசு பையன்கள் பக்கத்து மேசையில் இருந்தது. அவர்கள் அத்தனை பேரும் எடை போட்டு நகரும் வரை நாங்கள் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் முறை வரும்போது தியாகதுருகம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். யாரோ எடுத்த எடையை ரெக்கார்டில் எழுதிக்கொண்டு ஓடுவோம். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது, நான் ஒரு சோதனையைக்கூட முழுதாகச் செய்ததில்லை. தேறாவிட்டால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார்.

பொறுக்க முடியாமல் துறைத்தலைவர் மேடத்திடம் போய், ஆணும் பெண்ணும் கலந்து குழு பிரித்து முறை வைத்துத் தராசைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சம்மதமான்னு பாக்கணும்மா. நாளைக்கு வூட்டுல இருந்து வந்து என்னத்தான் கேப்பாங்க" என்றார்.

மறுநாள் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். பெயர் வேண்டாம், 'கலந்து' அல்லது 'தனி' என்று எழுதினால் போதும்.

"இன்னாடி, பசங்க பக்கத்துல நின்னுக்கினு எடை போடணுமா? எங்கூட்டுல தெரிஞ்சா அவ்ளோதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அந்தப் பக்கம் ஒருவன், "தனியாவே இருக்கட்டும்டா, அதுங்க இருந்தா ஃப்ரீயா ஒரு வார்த்த பேச முடியாது" என்றான். இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது.

பேனாவைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ரெக்கார்டைத் திருத்துவது மேடம். எங்கள் ஒவ்வொருவர் கையெழுத்தும் அவருக்கு அத்துப்படி. அப்பாவோ சந்தைக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்த்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகிறவர். வாயால் கேட்டதை இல்லை என்று சாதித்துவிடலாம். எழுதிக் கொடுத்ததை என்ன செய்வது? 'தனி' என்று எழுதி மடித்துக் கொடுத்தேன்.

மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். தனி, தனி, தனி. நடுவில் ஒன்றே ஒன்று 'கலந்து'. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானேம்மா கேட்ட?" என்றார்.

தேர்வில் தேறிவிட்டேன், யாரோ எடுத்த எடைகளை மனப்பாடம் செய்துதான். வகுப்புத் தோழிகள் இப்போது பார்த்தாலும் "நீ ஒருத்திதான் துணிஞ்சி எழுதுன" என்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.