இடுப்பில் இருந்த பிள்ளை

கம்பம் ஊரில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டார்கள். எனக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தேன். அப்பா இல்லை. அம்மா விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடுவாள்.

பிள்ளைக்கு என் இடுப்பு பழகிவிட்டது. பெற்றவளிடம்கூட நிற்காது. இறக்கிவிட்டால் கத்தும். பாத்திரம் துலக்குவதும் ஒரு கையால்தான்.

பக்கத்துத் தெருவில், வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அங்கே கொஞ்ச காலம் படித்தால், வயதுக்குத் தக்க வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த டீச்சர் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்.

"நீ ஏன் வரல?"

"பிள்ளைய யாரு பாக்க?"

"அதையும் தூக்கிட்டு வா."

போனேன். காற்றாடத் தூக்கிப்போகிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். டீச்சர் பழைய சேலையில் தொட்டில் கட்டினார். காலால் ஆட்டிக்கொண்டே எழுதினேன். ஒரு நாள் பிள்ளை என் சிலேட்டில் மூத்திரம் போய்விட்டது.

"ஏ புள்ள, ஒன் பரீட்சைய அவ திருத்திட்டா!" என்று பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. அங்கே பிள்ளையோடு போக முடியாது. டீச்சர் அந்த வீட்டுக்கே வந்து பேசினார். வீட்டுக்கார அக்கா கோபப்படவில்லை.

"படிக்கட்டும் டீச்சர், வேணாம்னா சொல்றேன்? பதிலுக்கு ஒரு ஆள விட்டுட்டுப் போகட்டும்."

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா தங்கச்சியைப் பார்த்தாள். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு.

"அங்கன போனா வயிறாரத் திம்பாள்ல" என்றாள்.

தங்கச்சியை அந்த வீட்டில் விட்டார்கள். யூனிபாரம் போட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

ஒரு வாரம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கேட்டுக்கு வெளியே தங்கச்சி நின்றாள். பிள்ளையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளை தாவியது.

"எங்கிட்ட இருக்க மாட்டேங்குதுக்கா. கத்திக்கிட்டே இருக்கு. அந்த வீட்டு அக்கா வையிறாக."

வாங்கிக்கொண்டேன். உடனே அழுகை நின்றது.

"இம்புட்டு நாளு போகலையே, ஸ்கூல்ல எம் பேர அடிச்சிருப்பாகளாக்கா?"

"அடிச்சிருக்க மாட்டாக. நாளைக்கே போ."

மணி அடித்தது. யூனிபாரத்தோடு அந்த வீட்டுக்கு நடந்தேன்.

தொட்டில் கட்டின டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு பேருமே படிக்கணும்மா" என்றார். அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். மறுநாள் ஜீப் வந்தது. ஏறிப் போனாள்.

தங்கச்சி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள்.

அந்தப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது நான்தான் தூக்கிப்போனேன். உள்ளே போகமாட்டேன் என்று என் தாவணியைப் பிடித்துக்கொண்டு அழுதது. விரல்களைப் பிரித்து உள்ளே விட்டேன். அழுகைச் சத்தம் அடங்கும்வரை கேட்டில் நின்றேன். பிறகு பாத்திரம் துலக்கப் போனேன். அன்றைக்கு இரண்டு கையாலும் துலக்கினேன்.