பட்டியலில் வராத பதினான்கு பேர்

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா அருகே ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு போனை எடுத்தேன். ஜெயராணியின் கணவர். "ராணி போயிட்டாக்கா" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். "விடியக்காலையில உசுரு போயிருச்சுக்கா" என்றார். நான்கு நாள் காய்ச்சல்தானே, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

கே.கே. நகரில் உள்ள எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் ஆறு வருடம் பக்கத்து மேசை. நான் புரோகிராம் எழுதுவேன், அவள் சோதிப்பாள். "வந்ததப் பாத்துச் சந்தோசப்படாதீங்க, வராதது எதுன்னு பாருங்க" என்பாள். இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், அவளோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்தோம். கர்ப்பிணிகளின் பெயர்கள் ஓர் அட்டவணையில், அவர்களுடைய பரிசோதனைகள் இன்னோர் அட்டவணையில். கடைசிப் பரிசோதனை முடிந்து ஒரு மாதம் கடந்தவர்களை வடிகட்டிக் கொடுத்தால், நர்ஸ்கள் போன் செய்து வரச் சொல்வார்கள். இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து வடிகட்ட, நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் ஒரே வரி போதும். எழுதினேன். அப்போது ராணி வேறு வேலையில் இருந்தாள். ஐந்து வாரம் கழித்துத்தான் அதைப் பார்த்தாள்.

"அக்கா, பேர் பதிஞ்சுட்டு ஒரு தடவகூடப் பரிசோதனைக்கு வராதவங்க இதுல எங்க?"

பரிசோதனையே இல்லாதவர்களுக்குக் கடைசித் தேதியும் இல்லை. என் வரி அவர்களைச் சத்தமில்லாமல் விட்டிருந்தது. எந்தப் பிழையும் காட்டவில்லை. தேடினோம். பதினான்கு பேர்.

உடனே மருத்துவமனைக்குச் சொன்னோம். பதின்மூன்று பேர் போனில் கிடைத்தார்கள். எட்டாம் மாதத்தில் இருந்த ஒருத்தி மட்டும் எடுக்கவில்லை. உசிலம்பட்டி தாண்டி ஊர். நர்ஸோடு நாங்களும் காரில் ஏறினோம்.

"பயமா இருக்கா?" என்றாள் ராணி. தலையாட்டினேன். "எனக்கும்தான்."

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "காலு அம்புட்டு வீக்கம், தலவலின்னு வேற சொன்னா. அவ அம்மா வீட்டுல கிடக்கா" என்று அடுத்த தெருவைக் காட்டினார். அங்கே போய் அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. மதுரைக்குத் திரும்பும்வரை அந்தப் பெண்ணின் தலை ராணியின் மடியில் இருந்தது. அன்று மாலையே அறுவை சிகிச்சை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

வெளியே வந்ததும் அழுதேன். "பொழச்சுக்கிட்டா. அதுக்காக நம்ம தப்பு சரியாயிராதுக்கா" என்றாள் ராணி.

மறுநாள் எங்கள் சோதனை டேட்டாபேஸில் ஒரு பொய்க் கர்ப்பிணியைச் சேர்த்தாள். பெயர் ஜெயராணி. வேறு எந்த அட்டவணையிலும் அவளுக்கு ஒரு பதிவுகூடக் கிடையாது. ராணியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். புதிதாக எதை வடிகட்டினாலும் அந்தப் பெயர் வருகிறதா என்று முதலில் தேடுகிறேன்.

நேற்று எழுதியதில் அந்தப் பெயர் வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த வரியைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.