மேலட்டையைப் பார்த்துப் பிரித்த ஃபைல்கள்

நான் வகுத்த ஒரு வேலைமுறையால் ஒரு டீச்சருக்கு வேலை போயிற்று. அதே வேலைமுறைக்காக மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குலுக்கியதை ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீச்சரைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை.

1956ஆம் வருடம். திருவனந்தபுரத்தில், பள்ளிக்கூடங்களின் காரியங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு செக்‌ஷன் என் பொறுப்பில் இருந்தது. அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நவம்பர் முதல் தேதி தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேரப்போகின்றன என்று முடிவாகியிருந்தது. எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டு நின்ற காரியம். அதற்காக என் தம்பி ஊர்வலமெல்லாம் போயிருக்கிறான். நான் போகவில்லை, அரசாங்க உத்தியோகம். எனக்கு வந்த பங்கு ஃபைல் பிரிப்பதுதான்.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் எங்களிடம் ஒரு ஃபைல் உண்டு. வேலைக்குச் சேர்ந்தது, மாற்றலானது, லீவு எடுத்தது எல்லாம் அதற்குள் இருக்கும். இனி தெற்கே வேலை பார்க்கப்போகிறவர்களின் ஃபைலைக் கட்டி நாகர்கோவிலுக்கு அனுப்ப வேண்டும். இங்கேயே இருப்பவர்களின் ஃபைல் இங்கே நிற்கும். எந்தப் பக்கம் என்று ஆசிரியர்களிடமே முன்பே எழுதி வாங்கியிருந்தோம். அந்தத் தாளும் ஃபைலுக்குள்தான் இருந்தது, எங்கே என்றுதான் தெரியாது. சிலதில் மேலேயே கிடைக்கும், சிலதில் நாற்பது தாளுக்கு அடியில் கிடக்கும்.

என்னோடு நான்கு பேர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஒரு மலையாளி கிளார்க், புதிதாகச் சேர்ந்த இன்னொரு கிளார்க், டைப்பிஸ்ட் அம்மா ஒருவர், பிறகு எனக்கு எதிர்மேசையில் உட்காரும் நாஞ்சில் நாட்டுக்காரர். எதிர்மேசைக்காரருக்கு என் வயதுதான். ஸ்ரீவராகம் பகுதியில் வாடகை வீடு. அவர் மனைவி நகரத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

முதல் இரண்டு வாரம் ஆளுக்கு ஒரு சுமை ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் அவரவர் மேசையில் வைத்துப் பார்த்தோம். மலையாளி கிளார்க்குக்கு ஒவ்வொரு ஃபைலும் கதைப்புத்தகம். மலையாளக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் யார் எப்போது மஞ்சள்காமாலைக்கு லீவு எடுத்தார் என்று வாசித்து உச்சுக்கொட்டுவார். புதிய கிளார்க் மெலிந்த ஃபைலாகப் பொறுக்கி எடுப்பார். ஒரே ஃபைலை இரண்டு பேர் பார்த்தோம், சிலதை யாருமே பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்தும் முதல் அலமாரி காலியாகவில்லை. மொத்தம் பதினோரு அலமாரி.

எனக்கு ஒழுங்கீனத்தைக் கண்டால் உடம்பெல்லாம் எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். திங்கள்கிழமை காலை மேசைகளை ஜன்னலோரம் ஒரே வரிசையாக இழுத்துப் போடச் செய்தேன். முதல் மேசையில் மலையாளி கிளார்க் ஃபைலை எடுத்துத் தூசி தட்டி மேலட்டையில் உள்ள பெயரை உரக்க வாசிக்க வேண்டும். இரண்டாவது மேசையில் புதிய கிளார்க் அதை என் பட்டியலோடு ஒத்துப்பார்த்துச் சீட்டு வைக்க வேண்டும். மூன்றாவதில் எதிர்மேசைக்காரர் நாடா கட்டுவார். தெற்கே போகிறதற்குச் சிவப்பு, நிற்கிறதற்கு வெள்ளை. நான்காவதில் டைப்பிஸ்ட் அம்மா பதிவேட்டில் எழுதுவார். யாரும் ஃபைலைத் திறக்கக் கூடாது. மேசை தாண்டிய ஃபைல் திரும்பி வரக் கூடாது.

அந்தப் பட்டியல்தான் என் மூளை. எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் நிற்கும், மலையாளிகளுக்கு வீட்டுப்பெயர். அந்தப் பழைய மேலட்டைகளில் அதைச் சுருக்காமல் முழுசாக எழுதியிருப்பார்கள். பூதப்பாண்டி, சுசீந்திரம், இரணியல், தக்கலை என்று தெற்கத்தி ஊர்களையெல்லாம் அகர வரிசையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊர் தெற்கே என்றால் ஃபைலும் தெற்கே. உள்ளே புரட்ட வேண்டியதே இல்லை.

பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் தாத்தா பிறந்த ஊராக இருக்கும். பேரன் அதைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் பார்த்திருப்பான். திருவனந்தபுரத்தில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். மறந்துபோய்விட்டேன் என்று சொன்னால் அது பொய். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், கடைசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தச் சரிபார்ப்புக்கு என் வரிசையில் மேசையும் இல்லை, ஆளும் இல்லை.

மூன்றாம் நாள் எதிர்மேசைக்காரர் மேசையில் ஃபைல் மலையாகக் குவிந்து கிடந்தது. போய்ப் பார்த்தால் மனுஷன் ஒவ்வொன்றையும் திறந்து அந்தத் தாளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"சாரே, உள்ள அவங்க எழுதிக் குடுத்த தாளு இருக்குல்லா. அதப் பாத்துட்டுக் கெட்டுனா என்ன? அட்டையில உள்ளது பழைய ஊரு. ஆளு எங்க இருக்காருன்னு அதுல இல்லியே" என்றார்.

"நாடா கெட்டுகதாக்கும் உம்ம ஜோலி. வாசிக்கது உம்ம ஜோலி இல்ல. எல்லாம் உம்ம மேசையிலதான் அடைச்சுக் கெடக்கு, பாரும்."

"ரெண்டு நிமிசந்தான் சாரே ஆவும்."

"ஒரு ஃபைலுக்கு ரெண்டு நிமிசம்னா பதினோரு அலமாரிக்கு எவ்வளவு ஆவும்? ஆளுக்கு ஆளு இரக்கப்பட்டுட்டு இருந்தா வேல நடக்காது. அதையெல்லாம் வீட்டுல வச்சுக்கிடும்."

எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். டைப்பிஸ்ட் அம்மா பதிவேட்டில் இருந்து தலையை எடுக்கவில்லை. எதிர்மேசைக்காரர் அதற்குப் பிறகு ஒரு ஃபைலையும் திறக்கவில்லை.

அப்புறம் வேலை நடந்த நடையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மலையாளி கிளார்க் பெயர்களை ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சீட்டு விழும், நாடா இறுகும், பேனா கீறும். ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் அடுத்தவர் அவர் மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். மற்ற செக்‌ஷன் தலைவர்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாகவே பதினோரு அலமாரியும் முடிந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு தேங்காய் உடைத்தோம். மேலதிகாரி கை குலுக்கியது அன்றைக்குத்தான். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, அதை ஒளிக்கவும் தெரியவில்லை. லாரி வந்து சிவப்பு நாடாக் கட்டுகளையும் பதிவேட்டின் நகலையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

நவம்பர் பாதியில் ஒருநாள் காலை எதிர்மேசைக்காரர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

"என்னவாக்கும் இது?"

"வீட்டுல உள்ளவளுக்கு வந்த ஆர்டரு."

விளவங்கோடு தாலுகாவில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து நாளைக்குள் சேர வேண்டும், தவறினால் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று இருந்தது. அந்த டீச்சர் பிறந்தது, படித்தது, பதினொரு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் திருவனந்தபுரத்தில். பெயருக்கு முன்னால் மட்டும் அப்பாவின் ஊரான பூதப்பாண்டி. அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய கரு, பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எதிர்மேசைக்காரர் என்னிடம்தான் அனுமதி கேட்பார், அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

"இங்கயே இருக்கேன்னு எழுதிக் குடுக்கலியா?"

"எழுதிக் குடுத்தா. உள்ள இருக்கு."

"அப்பம் அந்த ஃபைலு நம்ம வரிசையில வரும்போ..."

"வந்துது சாரே. நான்தான் கெட்டுனேன்."

"பாத்தீரா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல்ல?"

அவர் ஆர்டரை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கு மூணு நாளு முந்தித்தான் எல்லாரும் இருக்கும்போ என்னைய ஏசுனீங்க. மத்த ஃபைலையெல்லாம் வாய மூடிட்டுக் கெட்டுனவன் வீட்டு ஃபைலுக்கு மட்டும் எப்படி எழும்பி நிக்கது? மத்த டீச்சர்மாரும் ஆருக்கோ பெண்டாட்டிதானே. பின்ன, கடைசியில நீங்க ஒருக்க சரிபாப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அவர்மேல். இவர் வாயைத் திறந்திருந்தால் இந்த வினை வந்திருக்காதே என்று நினைத்தபோது மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. பழியைப் போட ஓர் ஆள் கிடைத்த நிம்மதி. அதை இப்போது எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கே நாகர்கோவிலுக்குக் கடிதம் எழுதினேன். ஃபைல் கட்டுகளை இன்னும் பிரிக்கவில்லை, பிரித்துப் பார்க்கும்வரை உத்தரவு உத்தரவுதான் என்று பதில் வந்தது. லீவாவது வாங்கித் தரலாம் என்று பார்த்தேன். டீச்சர் இப்போது நம்முடைய ஆளே இல்லை என்றார்கள் இங்கே. முதலில் வந்து சேரட்டும், பிறகு லீவுக்கு எழுதட்டும் என்றார்கள் அங்கே. பொறுக்க முடியாமல் ஒருநாள் லீவு போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

புதிய அலுவலகம் நடந்த ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எங்கெங்கிருந்தோ வந்த கட்டுகள் தலைக்கு மேல் குவிந்து கிடந்தன. பாதி அவிழ்ந்து தாள் பறந்துகொண்டிருந்தது. அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. எந்த அலுவலகம் என்று நான் சொன்னதும் நாற்காலி போடச் சொன்னார்.

"உங்க கட்டு ஒண்ணுதான் சார் முறையா வந்திருக்கு. மத்ததுல ஒண்ணும் விளங்கல்ல, அதனால ஆருக்கும் ஆர்டர் போடாம வச்சிருக்கோம். உங்க பதிவேட்டப் பாத்து மட்டும் தைரியமா உடனே போட்டுட்டோம்" என்றார்.

ஒழுங்கில்லாமல் வேலை பார்த்தவர்களின் டீச்சர்கள் எல்லாம் அவரவர் வீட்டில் சௌகரியமாக இருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார். கட்டுகளை வரிசைப்படி பிரிப்பதற்கு ஒரு முறை வைத்திருப்பதாகவும், நடுவில் ஒன்றை மட்டும் உருவினால் குழம்பிவிடும் என்றும் மரியாதையாகச் சொன்னார். அதற்கு என்னால் என்ன சொல்ல முடியும்? அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

பத்து நாளில் ஒன்பது போன பிறகு ஸ்ரீவராகத்துக்குப் போனேன். டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்திருந்தார்.

"இன்னொரு கடிதம் போட்டிருக்கேன் டீச்சர். ஒரு மாசம் பொறுங்க, சரியாயிரும்" என்றேன்.

"நாளையோட கெடு முடியுது சார். நீக்கிட்டோம்னு அவங்க எழுதுகதுக்கு முன்ன நானா விட்டுட்டுப் போறது மேலு."

அழவில்லை. கோபமும் படவில்லை. காப்பி போடச் சொல்லி வீட்டுக்காரரை உள்ளே அனுப்பப் பார்த்தார், அவர் நகரவில்லை.

"தெனமும் சோறு தின்னும்போ இவங்க உங்க வரிசையப் பத்தித்தான் பேசுவாங்க. இதுவரைக்கும் இப்படி ஒரு வேல நடந்து பாத்ததே இல்லன்னு சொல்லுவாங்க" என்றார் டீச்சர். பிறகு, "ஒண்ணு கேக்கட்டா சார்?"

"கேளுங்க."

"உங்க பேருக்கு முன்னாலயும் எங்க அப்பா ஊருக்கு அடுத்த ஊருதானே நிக்குது. நீங்களும் இங்கதானே இருக்கீங்க. உங்க பேரு போட்ட ஃபைலு ஒண்ணு அந்த மேசையில வந்திருந்தா என்ன செய்திருப்பீங்க?"

யோசிக்க ஒன்றுமே இல்லை. என் கண்ணில் பட்டிருந்தால் கை நீட்டி வாங்கி, திறந்து பார்த்து, வெள்ளை நாடா கட்டச் சொல்லியிருப்பேன். நான்கு பேரும் பேசாமல் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். எவ்வளவு நிமிடம் ஆயிற்று என்று என்னை யார் கேட்பது? எதிர்மேசைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்தியிருப்பேன்" என்றேன்.

"வரிசையையா?"

"ஆமா. வரிசையைத்தான்."

"செரி" என்றார் டீச்சர், கணக்குக்குச் சரியான விடை சொன்ன பிள்ளையிடம் சொல்வதுபோல. ராஜினாமாக் கடிதத்தை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார். அவருக்கு எங்கள் அலுவலகத்தில் ஃபைல் இல்லை, அதனால் அந்தக் கடிதத்தைக்கூட என்னால் வாங்கிக்கொள்ள முடியாது என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.