இரண்டாவது போன்

கால்கள் கார் இருக்கையின் முதுகில், தலை பிரேக் மிதிக்குக் கீழே. டுவைட் கோவாச்சை நான் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். நெற்றியில் விளக்கு, வாயில் நாலு ஸ்க்ரூ. அமெரிக்காவின் டோலிடோ நகரில், சிக்னலை ஒட்டிய அவன் கடைக்கும் என் டயர் கடைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவன் திட்டுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

பழைய கார் ரேடியோவுக்குப் புளூடூத் வைத்துக் கொடுப்பது அவன் தொழில். ரேடியோவைக் கழற்றி எறிய மாட்டான். அதன் பின்னால் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியைச் சொருகி, ஒயர்களை மறைத்துவிடுவான். வெளியே ஒரு பொத்தான் மட்டும் தெரியும். புது ரேடியோ கேட்டு வருகிறவர்களிடம், "உன் காருக்கு வயசாயிடுச்சு. அதுக்கு எதுக்குப் பல்செட்டு?" என்பான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மதியம் ஹாட் டாக்கை வெங்காயத்தோடு வாங்கி, அத்தனையையும் பொறுக்கி எறிவான். கேட்டால், "குடுக்கறத ஏன் வேணாங்கணும்?" என்பான்.

சோதித்துப் பார்க்கத் தன் போனைத்தான் இணைப்பான். முடிந்ததும் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அந்த இணைப்பை அழித்துவிடுவான். இல்லாவிட்டால் அந்தக் கார் எப்போது பக்கத்தில் வந்தாலும் அவன் போன் போய் ஒட்டிக்கொள்ளும். மகள் கரிஸாவின் பச்சைக் காரில் மட்டும் அவன் அழிக்கவில்லை.

மனைவி டோரீனைப் புதைத்த ஆறாம் வாரமே வாண்டா என்பவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான். அம்மாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாண்டா அடுப்படியில் நின்றதைக் கரிஸா பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது. வாண்டா நாலு மாதத்தில் போய்விட்டாள். மகள் திரும்பவில்லை. கரிஸா செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வேலைநாட்களில் நாலரை மணி வாக்கில், சிக்னலில் அந்தக் கார் நிற்கும்போது, டுவைட்டின் போன் ஒருமுறை அதிரும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவான். வெளியே வந்து பார்க்க மாட்டான். பார்த்தால் அந்த வழியாக வருவதையும் மகள் விட்டுவிடுவாள் என்று பயம்.

"கார்ல அவளுக்கும் கேக்கும்யா. 'இரண்டாவது போன் இணைந்தது'ன்னு பொட்டி சொல்லும். பத்து செகண்ட் அமுக்கினா நான் போயிடுவேன். மூணு வருஷமா அவ அமுக்கலையே."

நான் டயரைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பச்சைக் கார் பஞ்சராகி என் கடைக்கு வந்தது. ஓட்டிவந்தது ஊறுகாய் ஆலைச் சீருடையில் ஓர் இளைஞன். போன வருஷம் மார்ச்சில் வாங்கினானாம். விற்றது அதே ஆலையில் வேலை பார்த்த பெண்; தூரத்தில் கொலராடோ பக்கம் போய்விட்டாளாம். ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. தகரச் சுவருக்கு அப்பால் சத்தம் நின்றுபோயிருந்தது.

சக்கரத்தைக் கழற்றுவதற்குள் டுவைட் வந்துவிட்டான். கையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் தொட்டுத் தலைவாரி, சட்டையை இன் செய்திருந்தான். போனில் இணைப்பு விடாமல் நிற்பதைப் பார்த்து, மகள் வந்து இறங்கிவிட்டாள் என்றே நினைத்திருக்கிறான். பின்சீட்டைக்கூடக் குனிந்து பார்த்தான்.

"இத யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நான்தாங்க," என்றான் இளைஞன்.

நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "வித்துட்டாளாம் டுவைட். போன வருஷம் மார்ச்சுலயே. கொலராடோ போயிட்டாளாம்."

தலையை ஆட்டினான். ஒன்றரை வருடமாக, முகம் தெரியாத ஒருவனுக்காக அவன் வேலையை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறான். அந்த நிமிடம் அவன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இளைஞன் டுவைட்டின் சட்டையிலிருந்த கடைப் பெயரைப் படித்தான். "ரேடியோக்காரரா நீங்க? ஐயா, இந்த சிக்னல்கிட்ட வந்தாலே இரண்டாவது போன் இணைந்ததுன்னு ஒரு பொம்பளக் குரல் வருதுங்க. பேய் மாதிரி. அத எடுத்துவிட முடியுமா?"

டுவைட் கதவைத் திறந்து உட்கார்ந்தான். பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தான். அழுத்தவில்லை.

"இது போகாதுப்பா," என்றான். "இந்தப் பொட்டியோட குணம் அப்படி. தெனமும் இந்த வழியாத்தான போவ?"

"ஆமாங்க."

நான் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தேன். கார் நகர்ந்தபோது டுவைட் கூடவே நாலடி நடந்தான்.

"பாத்துப் போ," என்று கூரையை இரண்டு முறை மெல்லத் தட்டினான்.