பதினோரு சரக்குகளின் வரிசை

ஆரியசாலையை விட்டுக் கிள்ளிப்பாலம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் பென்டிரைவ். மூன்று மாதம் மலைமேல் போனக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர் லய வீடுகளுக்குக் கூரை மாற்றிவிட்டு அன்று காலைதான் இறங்கியிருந்தேன். வந்து பார்த்தால், என் பழைய அறைக்கு எதிரே இருந்த மளிகை மொத்தக்கடையின் தகர போர்டைக் காணோம். அந்த போர்டு இல்லாமல், செத்துப்போன என் மனைவியின் குரலை இனிக் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த ஐந்து வாரமும் நான் வேலைக்குப் போனேன். படுக்கையிலிருந்து போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள். எங்கள் அறையில் ஐந்து ஆட்கள், ஒரே பிளக். யாருடைய போன் அடித்தாலும் பக்கத்தில் இருப்பவன் எடுத்துப் பேசுவான். அதனால் யாரும் போனைப் பூட்டுவதில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது என் போனிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏங்க, பயமா இருக்கு. லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல உக்காருங்களேன்."

சாப்பிடும்போது ஒருவன் அதே குரலில், "ஏங்க, பயமா இருக்கு, சாம்பார் ஊத்துங்களேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் லீவு போடவில்லை. அவன் கெட்டவன் இல்லை. பிறகு அவள் பாடையைத் தூக்கியபோது ஒரு தோள் அவனுடையது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அறைக்குக் கீழே இருந்த மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார மலையாளப் பெண், என் மனைவி பேசியதையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி, பூட்டுப் போடும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். "பாஸ்வேர்டு நீளமா இருக்கணும் சேட்டா. மறந்தா என்னாலயும் திறக்க முடியாது, கேட்டோ. பேப்பர்ல எழுதி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் அடிப்பதைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். நீளமாக எதை மனதில் வைப்பது? நிமிர்ந்தேன். எதிரே போர்டு. அதில் பதினோரு சரக்குகளின் பெயர். மேலிருந்து கீழாக, இடைவெளி விடாமல் அப்படியே அடித்தேன். தெருவே பார்க்கும் இடத்தில் சாவி தொங்கும், யாருக்கும் தெரியாது என்று பெருமையாக இருந்தது. போனில் இருந்ததை அழித்தேன். பிறகு ஞாயிறுதோறும் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பென்டிரைவை போனில் செருகி, போர்டைப் பார்த்துப் பார்த்து அடித்துத் திறந்து கேட்பேன்.

மலையில் இருந்தபோது திறக்கப் பார்த்தேன். மல்லி, வத்தல், புளி. அதற்கப்புறம் சீரகமா, கடுகா? எத்தனையோ மாதிரி மாற்றிப் போட்டும் திறக்கவில்லை. கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இறங்கி வந்து போர்டைக் காணாமல் மளிகைக் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, பழைய போர்டுல என்னென்ன எழுதியிருந்துச்சு, வரிசையாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

"அது எங்கப்பா வச்சது வே. நான் ஒருநாளும் வாசிச்சதில்ல. ஏன், மளிகைக்கடை வைக்கப் போறீரா?"

"அந்த போர்டு எங்க?"

"கிள்ளிப்பாலத்து ஆக்கிரிக்கடைக்காரன் நேத்து தூக்கிட்டுப் போனான். ஒரு போட்டோகூட எடுக்கல. துருப்பிடிச்ச தகரத்த யாரு வே போட்டோ எடுப்பா?"

ரிப்பேர் கடைப் பெண்ணிடமும் போனேன். அவள் பென்டிரைவை வாங்கிப் பார்த்துவிட்டு, முடியாது என்று திருப்பித் தந்தாள்.

கிள்ளிப்பாலத்தில் அந்தப் பழைய இரும்புக் கடையைக் கண்டுபிடித்தபோது சாயங்காலமாகிவிட்டது. சுவர் உயரத்துக்குத் தகரக் குவியல். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உரிமையாளர் மலையாளத்தில் சொன்னார்: வெளியாள் உள்ளே இறங்கிக் கிளறக் கூடாது, கையை அறுத்துக்கொண்டால் யார் பொறுப்பு, இதையெல்லாம் நசுக்கிக் கட்டிக்கொண்டு போக நாளை மறுநாள் லாரி வரும். கெஞ்சிப் பார்த்தேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். கடை போர்டு என்றேன். சிரித்தார்.

"அப்ப வேலைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சேர்ந்தேன். ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள், இரண்டும் இடது கைக்கானவை. தகரம் தனி, இரும்பு தனி, அலுமினியம் தனி. ஒவ்வொரு தகரத்தையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் போட்டேன். வேகம் போதாது என்று உரிமையாளர் சத்தம் போட்டார். லாரி வர இன்னும் ஒரு நாள் இருந்தது; அடுத்த தகரத்தைத் திருப்பினேன்.