டெலஸ்கோப்புக்குச் சட்டை தேய்த்தேன்

அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கிற நம்ம இஸ்திரி வண்டிக்கு இன்று விடிகாலையிலேயே மாடிவீட்டு கம்ப்யூட்டர் தம்பி ஓடி வந்தார். கையில் நேற்று நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளை டி-சர்ட்.

"அண்ணே, நடுநெஞ்சுல மடிப்பு வச்சுட்டீங்களே! என் நெபுலா மேல பட்டையா விழுந்திருக்கு!"

நெபுலா என்பது வானத்தில் இருக்கும் புகைமேகமாம். மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்துப் படம் பிடிக்கிறார். லென்ஸ் தூசி படத்தில் தெரியாமல் இருக்க, டெலஸ்கோப் வாயில் இந்த டி-சர்ட்டை இழுத்துக் கட்டி, விடியும்போது இன்னொரு படம் எடுக்கணுமாம். அதை வைத்துத்தான் நெபுலா படத்திலிருந்து தூசியைக் கழிப்பாராம்; துணியில் மடிப்பு இருந்தால் அது நெபுலா மேல் பட்டையாக விழுமாம்.

"இன்னா நைனா, மொதல்லயே சொல்றதில்ல? நீ போட்டுக்கினு போவேன்னுதானே கத்தி மாதிரி மடிப்பு வச்சேன்!"

"வெயில் ஏறுறதுக்குள்ள தேச்சுக் குடுங்கண்ணே. மூணு ராத்திரி உழைப்பு."

மடிப்பு வைத்தே பிழைத்த கை, பழக்கத்தில் இரண்டு தடவை மடிக்கப் போனது; இழுத்து நிறுத்தினேன். தேய்த்ததை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்தி, நானே மாடி ஏறி டெலஸ்கோப்புக்குக் கட்டிவிட்டேன்.

"பட்டை போச்சுண்ணே!" என்று, மறுபடி எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தார் தம்பி. அவர் சட்டை கசக்கிப் போட்ட பேப்பர் மாதிரி இருந்தது.

"அதையும் குடு நைனா, தேச்சுடலாம்."

"இது பரவால்லண்ணே. ஆபீஸுக்குத்தானே!"

உங்கள் வீட்டில் உங்களைவிட நல்ல சட்டை போடும் சாமான் எது? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.