கற்பூரம் அணைத்த கை

வாக்குப் போடுவது இரகசியம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். படிப்பிக்கிறவர்களுக்கு என்ன! நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக, ஆற்றுக்கு இக்கரையில் கிடந்த எங்கள் குறிச்சியில் யாருக்குப் போடுவது என்பதை அம்மாள் கோயில் வாசலிலேயே முடித்துவிடுவார்கள்.

கிராமச்சங்கத் தேர்தல் வந்தால் மெசின்காரர் குடைச் சின்னத்தில் நிற்பார். அந்தப் பகுதியில் உழவு மெசின் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். வீடு அக்கரையில், வயல் இக்கரையில். அவருடைய மெசின் வந்தால்தான் எங்கள் வயல்களும் உழவு காணும். ஆகவே இக்கரை வாக்கெல்லாம் குடைக்கு. அதிலும் ஒரு சந்தேகம் இருக்கக்கூடாதென்று, தேர்தலுக்கு முதல் வருகிற வெள்ளிக்கிழமை எல்லாரையும் கோயிலுக்கு அழைப்பார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். எங்கள் அம்மாள் பொல்லாதவள். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் தழைத்ததாக ஊரில் ஒரு கதையும் கிடையாது.

அந்த முறை சைக்கிள் கடைக்காரர் ஒருவர் விளக்குச் சின்னத்தில் எதிர்த்து நின்றார். வென்றால் ஆற்றுக்குப் பாலம் போடுவேன் என்றார்.

"பாலமாம் பாலம்! முதல் தன்ரை கடைக்கு ஒழுங்கா ஒரு கூரை போடட்டும்" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. எனக்கு முன் பிறந்த அக்காவை, காய்ச்சலில் வலிப்புக் கண்ட நேரம், மாரி வெள்ளத்தில் ஆறு கடக்க முடியாமல், கரையிலேயே மடியில் வைத்துப் பறிகொடுத்தவள் அவள். ஆஸ்பத்திரி அக்கரையில்தான் இருந்தது. என் தம்பி அப்போது நடை பழகுகிற பிள்ளை. அவனுக்கும் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும்.

ஆனாலும் அம்மாவும் போய்க் கற்பூரம் அணைத்தாள். அணைக்காமல் இருக்க முடியுமா?

வாக்குப் போட்டுவிட்டு வந்த அன்று குசினிக்குள் அடுப்படியில் வைத்து அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "குடைக்குப் போடுவமெண்டுதான் போனனான். உள்ளுக்குப் போனாப் பிறகு மூத்தவளின்ரை முகம் வந்திட்டுது. கை தன்ரை பாட்டிலை விளக்குக்குப் புள்ளடி போட்டிட்டுது."

அப்பாவின் முகத்தில் இரத்தமில்லை. "ஐயோ, என்னடி செய்துபோட்டாய்! ஒருத்தருக்கும் வாய் திறவாதை" என்றார்.

குடை வென்றது. வெல்லாமல்? இக்கரை வாக்கில் ஒன்று தவறியதை யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டாள். தம்பி தும்மினாலும் ஓடிப்போய்த் திருநீறு எடுத்து வந்து பூசினாள்.

மார்கழியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. விடாத மழை, ஆறு கரைமுட்டி ஓடியது. பொழுது படுகிற நேரம் வலிப்புக் கண்டதும் அப்பா அவனைச் சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான். அக்கரையில் மெசின்காரர் வீட்டு விளக்கு தெரிந்தது.

"ஐயா, மெசினைக் கொண்டு வாங்கோ! பிள்ளைக்கு ஏலாமக் கிடக்கு, ஐயா!" என்று அப்பா தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஆற்று இரைச்சலில் அது அக்கரைக்குக் கேட்டிருக்காது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். தம்பி, அக்கா போன அதே கரையில், அம்மாவின் மடியில் போய்விட்டான்.

விடிய மழை விட்டது. மெசின்காரர் ஆற்றுக்குள்ளால் மெசினை ஓட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்தார். பெட்டிக்குப் பலகையும் வெள்ளைத் துணியும் அவரே கொண்டுவந்தார். அம்மா எழும்பிப் போய் அவர் காலில் விழுந்தாள்.

"ஐயா, நான் உங்களுக்குப் போடேல்லை. கற்பூரம் அணைச்சுப்போட்டு மாறிப் போட்டிட்டன். அம்மாள் என்ரை பிள்ளையை எடுத்திட்டா."

ஒப்பாரி நின்றுவிட்டது. மெசின்காரர் குனிந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "நான் மன்னிச்சிட்டன் பிள்ளை. இனி அம்மாளிட்டைக் கேள்" என்றார். சனம் கண்ணைத் துடைத்தது. எவ்வளவு பெரிய மனம் இவருக்கு என்று எனக்கும் அழுகை வந்தது.

அம்மா அதன் பிறகு ஒரு தேர்தலுக்கும் போகவில்லை. அந்தக் கையால் எனக்கு ஒரு வாய் சோறுகூட ஊட்டியதில்லை. அடுத்த தேர்தலுக்குக் கோயிலில் கற்பூரம் கொளுத்த வேண்டி வரவில்லை, என் தம்பியின் கதையே போதுமாயிருந்தது. இக்கரை வாக்கு ஒன்றுகூடத் தவறாமல் குடைக்கு விழுந்தது. பாலம் வரவில்லை.

அன்று பின்னேரம், தம்பியைக் கொண்டுபோன பிறகு, என்னை அக்கரையில் இருந்த பெரியம்மா வீட்டில் விடச் சொன்னார்கள். மெசின்காரரே என்னைத் தூக்கி, பின்சில்லுக்கு மேலே மட்காட்டில் இருத்தினார். ஆற்றுக்குள் இறங்கியதும் பெரிய சில்லுப் பாதி தாழ்ந்தது, தண்ணீர் காலில் தெறித்தது. பயத்தில் அவருடைய சேட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பிடாதை பிள்ளை" என்றார். "இது எந்த வெள்ளத்துக்குள்ளாலையும் போகும்."

பயம் போய்விட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு பாட்டுப் படித்து முடிக்கிறதுக்குள் அக்கரை வந்துவிட்டது. அம்மா மட்டும் சொன்னபடி குடைக்குப் போட்டிருந்தால் தம்பியும் இப்போது என் பக்கத்தில் இருந்து வந்திருப்பானே என்று நினைத்தேன். அம்மா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.